தோலின் மேலிருந்தே இதயத்தை வரைதல்

மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் கட்டுரை கேட்டார்கள். வழக்கம்போல ஏதாவது கல்வெட்டைப் பற்றியோ, சமண நூல் ஒன்றைப் பற்றியோ எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். இம்முறை இதயத்தைப் பற்றி எழுதத் துணிந்தேன். நூல் சிப்பம் விற்கிறவனுக்கு இதயத்தைப் பற்றி எழுத என்ன தகுதி என்று அன்பர்கள் கேட்கலாம். தகுதி எதுவும் இல்லை. தேவை ஏற்பட்டது, அதனால் படித்தேன். என் மனைவிக்கு வந்த ஒரு நோயை நாங்கள் நான்கு ஆண்டுகள் தப்பாகவே புரிந்துகொண்டிருந்தோம். அந்தத் தப்பில் என் பங்கும் உண்டு. மொழி மாறிய ஊரில் குடியிருக்கும் நம்மவர் வீடுகளில் அதே தப்பு நடக்கக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. திருவனந்தபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாகக் களியக்காவிளைக்குப் போகிற சாலையில் இருக்கிறது பாலராமபுரம். பாலராம வர்மா மகாராஜா (1798–1810) காலத்தில் தமிழ்நாட்டின் தென்பகுதியிலிருந்து சாலியர் குலத்து நெசவாளர்களை அழைத்துவந்து குடியமர்த்தினார்கள். ஊரின் பெயரே அவர் பெயர்தான். குழித்தறியில் நெய்யும் இவ்வூர்க் கைத்தறித் துணிக்கு 2009இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இரு நூற்றாண்டுக்கு முன் வந்த தமிழர் நடுவில், நூல் வியாபாரத்துக்காக வந்தவாசிப் பக்கமிருந்து பின்னால் வந்து சேர்ந்தவன் நான். என் மனைவி கல்யாணமாகி வந்து முப்பது ஆண்டுக்கு மேலாகியும் மலையாளம் கடைத்தெரு அளவோடு நிறுத்திக்கொண்டவள். இந்தக் கதைக்கு அது முக்கியம்.

படபடப்பும் வெப்ராளமும்

2011ஆம் ஆண்டு ஒரு நாள் மாலை அவள் அடுப்படியில் நின்றபடியே கூப்பிட்டாள். "இன்னாங்க, மார் படபடன்னு அடிச்சிக்குது. நடுவுல ஒண்ணு நின்னு நின்னு அடிக்குது. பயமா இருக்குது" என்றாள். நான் போய்க் கையைப் பிடித்துப் பார்ப்பதற்குள் நின்றுவிட்டது. இரண்டு நாள் கழித்து மறுபடியும் வந்தது. பக்கத்தில் ஒரு மருத்துவரிடம் காலையில் அழைத்துப் போனேன். அவருக்குத் தமிழ் வராது. நான்தான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன். "படபடப்பு" என்று அவள் சொன்னதை "வெப்ராளம்" என்று மலையாளத்தில் சொன்னேன். அந்தச் சமயத்தில் அதுதான் வாயில் வந்தது.

மலையாளத்தில் வெப்ராளம் என்றால் மனம் பதறுவது. நெஞ்சு அடித்துக்கொள்வதற்கு அவர்கள் சொல்லும் சொல் நெஞ்சிடிப்பு. நான் இதய நோயை மனக்கவலையாக மாற்றிச் சொல்லிவிட்டேன். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். அது சரியாகவே இருந்தது, ஏனென்றால் அந்தக் காலை நேரத்தில் இதயம் சரியாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. மருத்துவர் மேலும் விசாரித்தார். அஷ்டமி, சதுர்த்தசி நாட்களில் உபவாசம் இருப்பாள் என்று சொன்னேன். "பட்டினி கிடந்தால் படபடப்பு வரத்தான் செய்யும், கூடவே வாயு" என்று சொல்லி, உபவாசத்தை நிறுத்தச் சொன்னார். மாத்திரை கொடுத்தார்.

அவள் நிறுத்தினாள். சிறு வயதிலிருந்து விடாத நோன்பு. நிறுத்தியும் படபடப்பு நிற்கவில்லை. இன்னும் இரண்டு இடங்களில் காட்டினோம். ஒவ்வொரு முறையும் காலை நேரம், ஒவ்வொரு முறையும் சரியான ஈ.சி.ஜி. கடைசியில் வீட்டிலேயே நாங்களும் "உனக்கு ஒன்றுமில்லை, பயம்தான்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டோம். பயம் நோயின் விளைவு. நாங்கள் அதையே நோய்க்குக் காரணமாக்கிவிட்டோம்.

2015இல் என் வியாபாரப் புத்திதான் கைகொடுத்தது. சிட்டம் எத்தனை வந்தது, எத்தனை போனது என்று எழுதுகிற பேரேட்டின் பின்பக்கத்தில், அவளுக்குப் படபடப்பு வந்த நாள், மணி, எவ்வளவு நேரம் நீடித்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தாள் என்று எழுதத் தொடங்கினேன். ஆறு வாரத்தில் கணக்கு பேசியது. ஏறக்குறைய எல்லாமே மாலை ஐந்து மணிக்குமேல். காலையில் ஒன்றுகூட இல்லை. அந்தப் பேரேட்டை எடுத்துக்கொண்டு திருவனந்தபுரத்தில் இதயத்துடிப்புக் கோளாறுகளை மட்டும் பார்க்கும் ஒரு மருத்துவரிடம் போனோம். இந்தத் தடவை "நெஞ்சிடிப்பு" என்று சொன்னேன். அவர் இருபத்துநான்கு மணி நேரம் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவியைக் கட்டி அனுப்பினார். ஒரு நாளில் நம் இதயம் ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. அவளுடையதில் பதினோராயிரத்துக்கும் மேல் தவறான இடத்திலிருந்து வந்த துடிப்புகள். பெரும்பாலும் மாலையிலும் முன்னிரவிலும்.

இவ்வகை அதிகப்படித் துடிப்புகள் ஒன்றிரண்டு யாருக்கும் வரும், அதனால் கெடுதல் இல்லை. நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் ஆண்டுக்கணக்காக வந்தால் சிலருக்கு இதயத்தசையே தளர்ந்துபோகும். எக்கோவில் பார்த்தபோது அறுபது விழுக்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டிய இவளது இரத்தம் தள்ளும் திறன் நாற்பத்தெட்டாக இறங்கியிருந்தது. நான்கு ஆண்டுத் தாமதத்தின் விலை அது.

பிறகு ஒரு மாலையில் வரச்சொல்லி, அந்தத் துடிப்பு வரும்போதே ஈ.சி.ஜி. எடுத்தார்கள். மருத்துவர் அந்தத் தாளை ஒரு நிமிடம் பார்த்தார். மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் இதய பொம்மையை எடுத்து, வலது கீழறையிலிருந்து நுரையீரலுக்கு இரத்தம் வெளியேறும் வழியில் விரலை வைத்தார். "இவிடெ நின்னாணு வருந்நது" என்றார். இங்கிருந்துதான் வருகிறது என்று பொருள்.

எனக்கு அது பெரிய ஆச்சரியமாக இருந்தது. உடம்பைத் திறக்கவில்லை, உள்ளே எதையும் விடவில்லை. தோலில் ஒட்டிய சில வில்லைகள், ஒரு தாள். அதிலிருந்து இதயத்துக்குள் இடத்தை எப்படிச் சொன்னார்? அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

குழாயும் கம்பியும்

ஒரு வீட்டில் தண்ணீர்க் குழாய் இருக்கிறது, கதவுகள் இருக்கின்றன, மின்கம்பி இருக்கிறது. இதயத்திலும் இம்மூன்றும் உண்டு. இரத்தக்குழாய் அடைப்பைப் பற்றி இப்போது எல்லோருக்கும் தெரியும். கதவுகளாகிய வால்வுகளைப் பற்றியும் எங்கள் பக்கத்து மக்களுக்குத் தெரியும். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் (2024இல் மறைந்தார்) தலைமையில் இந்தியாவிலேயே உருவாக்கிய செயற்கை வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. மூன்றாவதான மின்கம்பியைப் பற்றித்தான் நமக்கு அதிகம் தெரியாது.

இதயத்தின் வலது மேலறையின் உச்சியில் ஒரு சிறிய திசுக்கொத்து இருக்கிறது. 1907இல் ஆர்தர் கீத், மார்ட்டின் பிளாக் என்ற இருவர் அதைக் கண்டுபிடித்தார்கள். நிமிடத்துக்கு அறுபது முதல் நூறு வரை அங்கே மின்துடிப்பு எழும். அது மேலறைகளில் பரவி, நடுவிலுள்ள ஒரு முடிச்சில் சற்றே தயங்கி, பிறகு கம்பி போன்ற பாதைகள் வழியாகக் கீழறைகளுக்கு இறங்கும். நெசவில் மிதி, நாடா, அச்சு மூன்றும் முறைப்படி இயங்கினால்தான் துணி விழும். இதயத்திலும் அப்படியொரு முறை இருக்கிறது. வேறு ஏதோ ஓர் இடம் தானாகத் துடிப்பைக் கிளப்பினாலோ, மின்னலை ஒரே வட்டத்தில் சுற்றத் தொடங்கினாலோ முறை குலைகிறது. அதுதான் துடிப்புக் கோளாறு.

ஆகவே இந்த நோயில் மருத்துவர் கேட்கும் கேள்விகள் இரண்டு. எப்போது வருகிறது? எங்கிருந்து வருகிறது? இந்த இரண்டாவது கேள்விக்கு விடை தேடிய கதைதான் இதய வரைபடக் கலை.

பன்னிரண்டு பார்வைகள்

மனித இதயத்தின் மின்னலையை உடம்பைத் திறக்காமல் முதலில் பதிவு செய்தவர் அகஸ்டஸ் வாலர். 1887, லண்டன். அதைத் துல்லியமாக்கியவர் ஹாலந்து நாட்டு லெய்டன் நகரின் வில்லெம் ஐந்தோவன். அவருடைய கருவி ஏறக்குறைய 270 கிலோ எடை. இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளி கைகளையும் ஒரு காலையும் உப்புத்தண்ணீர்த் தொட்டிகளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். 1924இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இன்று நாம் பார்க்கும் ஈ.சி.ஜி.யில் மார்பில் ஆறு, கைகால்களில் நான்கு, ஆகப் பத்து மின்முனைகள். அவற்றிலிருந்து பன்னிரண்டு பார்வைகள் கிடைக்கின்றன. அவற்றை லீட் என்கிறார்கள். விதி எளிமையானது. ஒரு மின்முனையை நோக்கி அலை வந்தால் கோடு மேலே எழும். அதைவிட்டு விலகிப் போனால் கீழே இறங்கும். ரயில் நிலையத்தின் இரு முனையிலும் ஆளை நிறுத்தினால், ஒருவருக்கு வண்டி வருகிறது, மற்றவருக்குப் போகிறது. இருவர் சொல்வதையும் சேர்த்துத்தான் வண்டி எங்கே புறப்பட்டது என்று அறியவேண்டும்.

என் மனைவியின் தாளில் கால்பக்கத்திலிருந்து பார்க்கிற மூன்று லீட்களிலும் கோடு உயரமாக மேலே எழுந்திருந்தது. அலை மேலிருந்து கீழே இறங்குகிறது என்று பொருள். மார்பின் வலப்பக்க முதல் லீட்டில் கோடு கீழே போயிருந்தது. வலப்பக்கத்திலிருந்து புறப்பட்டு அப்பால் போகிறது என்று பொருள். வலப்பக்கம், மேலே. ஆகவே வலது கீழறையின் வெளிவழி. இவ்வளவுதான் அந்த மருத்துவர் செய்த மாயம்.

எங்கள் சமயத்தில் அநேகாந்தவாதம் என்று ஒரு கொள்கை உண்டு. ஒரு பொருளை எந்த ஒரு பார்வையும் முழுதாகக் காட்டாது, ஒவ்வொன்றும் ஒரு பக்கத்தின் உண்மை என்பது அதன் சாரம். ஈ.சி.ஜி.யைப் படித்தபோது இதை இயந்திரத்தில் செய்து வைத்திருக்கிறார்களே என்று தோன்றியது. ஆனாலும் பன்னிரண்டு பார்வை பேட்டையைக் காட்டுமே தவிர வீட்டைக் காட்டாது.

துணியைப் பார்த்துத் தறியை அறிதல்

பன்னிரண்டுக்குப் பதில் நூறு, இருநூறு மின்முனைகளை ஒட்டினால் என்ன? 1963இல் இத்தாலியில் புரூனோ டக்கார்டி, மார்பு முழுவதும் ஏராளமான இடங்களில் அளந்து தோலின் மேல் மின்னழுத்தம் எப்படிப் பரவுகிறது என்று படம் வரைந்தார். அது தோலின் படம். நமக்கு வேண்டியது இதயத்தின் படம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போவதுதான் சிக்கல்.

என் தொழிலிலிருந்து சொல்கிறேன். தறியில் இன்ன பழுது என்று தெரிந்தால், துணியில் இன்ன குறை விழும் என்று எந்த நெசவாளரும் சொல்லிவிடுவார். இது நேர்க்கணக்கு. துணி மட்டும் கையில் இருக்கிறது, தறி வேறு ஊரில். துணியில் நீளவாக்கில் ஒரு கோடு தெரிகிறது. பாவு இழை அறுந்ததா, அச்சுப்பல் வளைந்ததா? இரண்டும் நீளவாக்கில்தான் கோடு போடும். துணியைப் பார்த்துத் தறியைச் சொல்வது தலைகீழ்க் கணக்கு. அதில் ஒரு கேள்விக்குப் பல விடைகள் பொருந்தும்.

1853லேயே ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் இதை மின்சாரத்துக்குச் சொல்லிவிட்டார். ஒரு பொருளின் மேற்பரப்பில் அளக்கும் மின்னழுத்தத்தை மட்டும் வைத்து, உள்ளே மின்மூலம் எங்கெங்கே இருக்கிறது என்று ஒரே விடையாகச் சொல்ல முடியாது என்றார். உள்ளே வெவ்வேறு அமைப்புகள் வெளியே ஒரே அளவைக் காட்டக்கூடும். போதாததற்கு, நுரையீரல், கொழுப்பு, தசை எல்லாம் நடுவில் இருந்து அலையை மங்கச் செய்கின்றன. தோலில் அளப்பதில் ஒரு சிறு பிழை நேர்ந்தாலும், கணக்கைத் திருப்பிப் போடும்போது அது பலமடங்காகப் பெருகிவிடும்.

இதற்கு இரண்டு உதவிகள் தேவைப்பட்டன. ஒன்று, விடையைச் சுருக்கிக்கொள்வது. இதயத்துக்குள் எங்கோ என்று தேடாமல், இதயத்தின் வெளிப்பரப்பில் மின்னழுத்தம் என்ன என்று மட்டும் கேட்டால் கணக்கு ஒரு விடைக்குள் அடங்கும். மற்றொன்று, பிழை பெருகாமல் கட்டுப்படுத்துவது. ரஷ்யக் கணித அறிஞர் ஆந்திரேய் டிகோனவ் 1963இல் சொன்ன வழி இங்கே உதவியது. பொருந்துகிற விடைகளில் தாறுமாறாக ஏறி இறங்குபவற்றைத் தள்ளி, சீரானதைத் தேர்ந்தெடு என்பது அதன் கருத்து. அனுபவமுள்ள நெசவாளரும் இதையே செய்கிறார். பக்கத்து இழைகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் நடக்காது என்ற நம்பிக்கையில்தான் அவர் பழுதைத் தேடுகிறார்.

இருநூற்றைம்பது வில்லைகள்

இந்த வழிகளைச் சேர்த்து மனிதருக்குப் பயன்படும் முறையாக்கியவர் யோரம் ரூடி. அவரும் கூட்டாளிகளும் 2004இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் ஒரு திருப்பம். முறை இதுதான். ஏறக்குறைய இருநூற்றைம்பது மின்முனைகள் பதித்த ஒரு சட்டையை நோயாளியின் மார்பிலும் முதுகிலும் ஒட்டுகிறார்கள். அதோடே சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். அந்த நோயாளியின் இதயம் எங்கே எவ்வடிவில் இருக்கிறது, ஒவ்வொரு மின்முனையும் அதற்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது ஸ்கேனில் தெரியும். பிறகு கணினி தலைகீழ்க் கணக்கைப் போட்டு, இதயத்தின் மேற்பரப்பில் அலை எந்த இடத்தில் முதலில் எழுந்து எப்படிப் பரவியது என்று வண்ணப் படமாகத் தருகிறது. முதலில் துடித்த இடம் ஒரு நிறம், கடைசியாகத் துடித்த இடம் வேறு நிறம்.

இதில் பெரிய நன்மை ஒன்று உண்டு. தொடையின் இரத்தநாளம் வழியாக உள்ளே கம்பி விட்டு இதயத்தை வரைவதே வழக்கமான முறை. அதில் கம்பியின் நுனி ஓரிடம் ஓரிடமாகத் தொட்டுப் பார்க்கவேண்டும். அதற்குள் பழுதான துடிப்பு பலமுறை வரவேண்டும். அது வராமல் போனால் மருத்துவர் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். சட்டை முறையிலோ இதயம் முழுவதையும் ஒரே சமயத்தில் பார்ப்பதால் ஒரே ஒரு துடிப்பு வந்தாலும் படம் கிடைத்துவிடும்.

கல்பாக்கத்துக் காந்தம்

தமிழ்நாட்டிலும் இதற்கு அண்டைவீட்டு முறை ஒன்றில் நல்ல வேலை நடந்திருக்கிறது. மின்சாரம் ஓடும் இடத்தில் காந்தப்புலமும் இருக்கும் என்று பள்ளியில் படித்திருப்போம். இதயத்துக்கும் காந்தப்புலம் உண்டு. பூமியின் காந்தப்புலத்தில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். 1963இல் அமெரிக்காவில் பௌல், மெக்ஃபீ என்ற இருவர் லட்சக்கணக்கான சுற்றுக்கள் கொண்ட கம்பிச்சுருளால் அதை முதலில் அளந்தார்கள். பின்னர் ஸ்குவிட் என்னும் மிக நுண்ணிய மீக்கடத்திக் கருவி வந்தது. அது திரவ ஹீலியத்தில், பூஜ்யத்துக்குக் கீழே 269 டிகிரி குளிரில் வேலை செய்யும்.

கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் இந்த ஸ்குவிட் கருவிகளைத் தாங்களே செய்து, வெளிக்காந்தம் புகாத தனி அறை அமைத்து, இதயத்தின் காந்த வரைபடத்தை எடுத்தார்கள். புதுச்சேரி ஜிப்மரின் இதயநோய் மருத்துவர்களோடு சேர்ந்து துடிப்புக் கோளாறுகளிலும் ஆய்வு செய்திருக்கிறார்கள். இம்முறையில் தோலில் எதையும் ஒட்டவே வேண்டாம். மின்னலையை மங்கச் செய்யும் கொழுப்பும் நுரையீரலும் காந்தப்புலத்தை அவ்வளவாகக் குலைப்பதில்லை. ஆனால் அந்தக் குளிருக்கும் அறைக்கும் ஆகும் செலவினால் அது சாதாரண மருத்துவமனைக்கு வந்து சேரவில்லை.

வரைபடம் எதற்கு?

இடம் தெரிந்தால் என்ன லாபம்? இடம் தெரிந்தால் அங்கேயே போய்ச் சரிசெய்யலாம். 1980களில் தொடங்கி 1990களில் உலகெங்கும் பரவிய முறை அப்லேஷன். தொடை வழியாகக் கம்பியைச் செலுத்தி, ரேடியோ அலையால் நுனியைச் சூடாக்கி, பழுதான துடிப்பைக் கிளப்பும் சில மில்லிமீட்டர் திசுவை மட்டும் செயலிழக்கச் செய்வார்கள். என் மனைவிக்கு அதைத்தான் செய்தார்கள். அவளுக்குச் சட்டை எதுவும் தேவைப்படவில்லை. மாலையில் எடுத்த அந்த ஒரே தாளே கம்பியை எந்தப் பேட்டைக்குக் கொண்டுபோவது என்று சொல்லிவிட்டது. உள்ளே தொட்டுத் தொட்டு வீட்டைக் கண்டுபிடித்தார்கள். மூன்று மணி நேரம் ஆயிற்று. இரண்டாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆறு மாதத்தில் இரத்தம் தள்ளும் திறன் மறுபடி ஐம்பத்தெட்டுக்கு வந்தது.

வெளி வரைபடத்தின் எல்லையைக் காட்டும் ஒரு நிகழ்ச்சி 2017இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்தது. வேறு எந்தச் சிகிச்சைக்கும் அடங்காத, கீழறையிலிருந்து எழும் ஆபத்தான துடிப்பு நோயாளிகள் ஐந்து பேர். அவர்களுக்குச் சட்டை முறையில் இடத்தைக் கண்டறிந்து, புற்றுநோய்க்குப் பயன்படும் கதிர்வீச்சை ஒரே தடவை அந்த இடத்தில் செலுத்தினார்கள். இதயத்துக்குள் கம்பி விடவே இல்லை. சிகிச்சைக்கு முந்திய மூன்று மாதத்தில் ஐவருக்கும் சேர்த்து 6577 தடவை அந்தத் துடிப்பு வந்திருந்தது. சிகிச்சைக்குப் பிந்திய ஆறு வாரங்களில் 680 தடவை வந்தது. அதன்பின் ஐவரையும் கவனித்த மாதங்கள் மொத்தம் நாற்பத்தாறு. அவற்றில் வந்தது நான்கே தடவை. மிக வயதான ஒருவர் சில வாரங்களில் பக்கவாதத்தால் இறந்தார் என்பதையும் சொல்லவேண்டும். ஐந்து பேரை வைத்து எதையும் முடிவாகச் சொல்ல முடியாது. ஆனாலும் கதவைத் திறந்து காட்டிய முயற்சி அது.

குறைகளும் உண்டு

நல்லதை மட்டும் சொன்னால் அது விளம்பரமாகிவிடும். சட்டை முறை இதயத்தின் வெளிப்பரப்பைத்தான் காட்டுகிறது. வலது இடது அறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் எழும் பழுதை அது நேராகப் பார்க்க முடியாது. சி.டி. ஸ்கேனின் கதிர்வீச்சு உண்டு, செலவும் உண்டு. பிரான்ஸ் நாட்டு போர்தோ மருத்துவக் குழுவினர் இம்முறையை நன்கு கையாண்டவர்கள். அவர்களே 2019இல் வெளியிட்ட ஓர் ஒப்பீட்டில், இதயத்தின் மேல் நேராகத் தொட்டு எடுத்த வரைபடத்தோடு சட்டைப் படம் பல நோயாளிகளிடம் ஒத்துப்போகவில்லை என்று எழுதினார்கள். ஈ.சி.ஜி.யில் அலை அகலமாக வருகிற துடிப்புகளில் பொருத்தம் மேலாக இருந்தது. தலைகீழ்க் கணக்கு இன்னும் முழுதாகக் கைவசப்படவில்லை என்பதே இதன் பொருள். எல்லோரும் போய் அந்தச் சட்டையைக் கேட்கவேண்டியதில்லை. பெரும்பாலான கோளாறுகளுக்கு இன்றும் சாதாரண ஈ.சி.ஜி.யே முதல் வரைபடம்.

இதையெல்லாம் படித்து முடித்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. பத்து மின்முனை ஆனாலும் இருநூற்றைம்பது ஆனாலும், பழுதான துடிப்பு வருகிற நேரத்தில் அவை உடம்பில் இருந்தால்தான் வரைபடம். காலையில் வராத துடிப்பை எந்தக் கருவியும் காலையில் வரையாது. "எங்கே" என்று சொல்வது விஞ்ஞானத்தின் வேலை. "எப்போது" என்று சொல்வது வீட்டாரின் வேலை. அந்த வேலையை நாங்கள் நான்கு ஆண்டுகள் செய்யவில்லை.

நம் வீடுகளில் செய்ய வேண்டியவை

முதலாவது, சொல். மருத்துவரிடம் படபடப்பு என்று பொதுவாகச் சொல்லி நிறுத்தவேண்டாம். வேகமாக அடிக்கிறதா, விட்டுவிட்டு அடிக்கிறதா, திடீரென்று தொடங்கித் திடீரென்று நிற்கிறதா என்று பிரித்துச் சொல்லுங்கள். அந்தந்த ஊர்ச் சொல்லைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மலையாளத்தில் நெஞ்சிடிப்பு. தெலுங்கில் குண்டெ தட. கன்னடத்தில் எதெ படித. இந்தியில் தட்கன். நோயாளி சொல்வதை அவர் வாயாலேயே சொல்லவிட்டு, மொழிபெயர்ப்பவர் தன் கருத்தைச் சேர்க்காமல் இருக்கவேண்டும். கையால் மேசையில் தட்டிக் காட்டினால்கூடப் போதும், அதற்கு மொழி வேண்டாம்.

இரண்டாவது, கணக்கு. நாள், மணி, எவ்வளவு நேரம், அப்போது என்ன வேலை, மயக்கம் வந்ததா என்று எழுதி வையுங்கள். பதினைந்து வினாடி நாடியை எண்ணி நான்கால் பெருக்கி அதையும் எழுதுங்கள்.

மூன்றாவது, தாள். படபடப்பு வரும்போதே பக்கத்தில் எந்த மருத்துவமனையானாலும் போய் ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். எடுத்த தாளை, அது சரியாக இருந்தாலும், தேதி மணி குறித்துப் பத்திரப்படுத்துங்கள். சில தாள்களில் எழுத்து நாளடைவில் மங்கிவிடும், ஆகவே உடனே செல்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது சில கைக்கடிகாரங்களும் ஒற்றை லீட் ஈ.சி.ஜி. எடுக்கின்றன. "எப்போது" என்ற கேள்விக்கு அவை உதவும். "எங்கே" என்பதற்குப் போதாது.

நான்காவது, எச்சரிக்கை. படபடப்போடு மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தால் பேரேடு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். குடும்பத்தில் இளவயதில் காரணம் தெரியாமல் திடீரென இறந்தவர் யாராவது இருந்தால், நெருங்கிய உறவினர் அனைவரும் ஒருமுறை இதய மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது, என் மனைவி அந்த மருத்துவரிடம் தானே தன் பாதி மலையாளத்தில் ஒரு கேள்வி கேட்டாள். நோன்பு இருக்கலாமா என்று. அவர் சற்று நேரம் அவளைப் பார்த்துவிட்டு, இந்த நோய்க்கும் நோன்புக்கும் சம்பந்தமில்லை என்றும், மருந்து முடிந்தபின் உடம்புக்கு முடிந்தால் இருக்கலாம், ஆனால் தண்ணீர் மட்டும் போதிய அளவு குடிக்கவேண்டும் என்றும் சொன்னார். பஸ்ஸில் வரும்போது அவள் ஒன்றும் பேசவில்லை. நெய்யாற்றின்கரை பஸ் கரமனை தாண்டியதும், "நாலு வருசம் சும்மா வுட்டுட்டேன், இல்லீங்களா?" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அந்தப் பேரேடு இன்னும் கடையில் இருக்கிறது. முன்பக்கம் நூல் கணக்கு, பின்பக்கம் அவள் இதயத்தின் கணக்கு. யாராவது நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்று கடையில் வந்து சொன்னால் அதை எடுத்துக் காட்டி, இப்படி எழுதுங்கள் என்று சொல்கிறேன். இம்மலரைப் படிக்கும் அன்பர்களையும் அதையே கேட்டுக்கொள்கிறேன்.